எங்கள் காருக்கு அடித்தொண்டை வந்த கதை

காரில் பாட்டுக் கேட்காதவர்கள் இன்று யார் இருக்கிறார்கள்? ஆனால் அப்படிக் கேட்கும் பாட்டில் ஒரு பகுதி நம் காதுக்கு வந்து சேருவதே இல்லை என்று சொன்னால் தோழியர் நம்புவீர்களோ, மாட்டீர்களோ! கதவுக்குள் பதுங்கியிருக்கும் ஆறங்குல ஸ்பீக்கர், பாடகியின் குரலையும் புல்லாங்குழலையும் வயலினையும் ஒழுங்காகத் தந்துவிடும். தவிலின் கனத்த முழக்கமோ, பேஸ் கிதாரின் ஆழ்ந்த நடையோ வந்தால் பாவம், அது மூச்சுத் திணறிப் போகும். பேஸ் கிதாரின் தடித்த தந்தியை மீட்டினால் அது நொடிக்கு 41 தடவை அதிர்கிறது. அத்தனை மெதுவாக, அத்தனை காற்றைத் தள்ளுவதற்குச் சின்ன ஸ்பீக்கருக்குச் சக்தி இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கவென்றே உள்ள பெரிய ஸ்பீக்கருக்குச் 'சப்வூபர்' என்று பெயர். அதற்குத் தனியே மின்சக்தி கொடுக்க ஓர் 'ஆம்ப்ளிபயர்' வேண்டும்.

இவ்விரண்டையும் சென்ற கோடை விடுமுறையில் எங்கள் அப்பாவின் வாடகைக் காரில் பொருத்தினோம். 'பொருத்தினோம்' என்று உரிமையோடுதான் எழுதுகிறோம். அண்ணன் ஸ்பேனர் பிடித்தார். அக்காளும் தங்கையுமாகிய நாங்கள் கணக்குப் பிடித்தோம். 'பெண் பிள்ளைகளுக்குக் கார் டிக்கிக்குள் என்ன வேலை?' என்று எங்கள் ஆச்சி கேட்டதுபோல் நீங்களும் கேட்டுவிடாதீர்கள்.

அண்ணன் டிப்ளமா முடித்து, சென்னைக்கு அப்பால் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். விடுமுறைக்கு ஊர் வரும்போது, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கியதாகச் சொல்லி ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்தார். அந்தச் சாலை கார் உபகரணக் கடைகளுக்குப் பெயர் பெற்றது. பெட்டிக்குள் பத்தங்குல சப்வூபர் ஒன்று, 300 வாட் ஆம்ப்ளிபயர் ஒன்று, பாம்புபோல் சுருட்டிய வயர்கள். எல்லாம் சேர்ந்து பதினாலாயிரம் ரூபாய்க்குக் கிட்டத்தட்ட ஆயிற்றாம். ஆச்சி மயங்கி விழாத குறை.

அப்பா வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தின் பொருள் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பதினாறு வருடம் லாரி ஓட்டிச் சேர்த்த பணத்தை முன்பணமாகக் கட்டி வாங்கிய வண்டி அது. மஞ்சள் பலகை மாட்டிய டிசையர். மாதத் தவணை இன்னும் பத்தொன்பது பாக்கி. எங்கள் பள்ளிக் கட்டணமும், வீட்டு வாடகையும், ஆச்சியின் மாத்திரையும் அந்த நாலு சக்கரத்தின் மேல்தான் ஓடுகின்றன. போதாததற்கு, சில ஆண்டுகளுக்கு முன் ஸ்டாண்டில் உடன் ஓட்டும் ஒருவருடைய கார் நடுச்சாலையில் எரிந்து எலும்புக்கூடாயிற்று. ஓட்டியவர் உயிர் தப்பினார். அவருடைய பிழைப்பு தப்பவில்லை. பாட்டுப் பெட்டிக்காக இழுத்த ஒரு வயர்தான் காரணம் என்று ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள்.

இராத்திரிச் சாப்பாடு முடிந்த பிறகு அப்பா மூன்று நிபந்தனை போட்டார்.

"எந்த வயர் எதுக்குன்னு எனக்கு விளங்கணும். விளங்காத வயர் ஒண்ணுகூட என் வண்டியில ஓடக் கூடாது. டிக்கியில நாலு பேர் பெட்டி வைக்க இடம் இருக்கணும். காலையில நாலு மணிக்குச் சாவியைத் திருகினா வண்டி கிளம்பணும். இதுக்குச் சம்மதம்னா ஸ்பேனரை எடு. இல்லேன்னா பெட்டியக் கட்டித் திருப்பி அனுப்பிரு."

அண்ணனுக்குக் கை வேலை தெரியும். விளக்கிச் சொல்லத் தெரியாது. "அது அப்படித்தாம்பா" என்பதே அவருடைய எல்லா விளக்கமும். எட்டாவது வரை படித்த அப்பாவோ 'அப்படித்தான்' என்ற சொல்லுக்கு மசிகிறவர் அல்லர். ஆக, விளக்கும் பொறுப்பு எங்கள் தலையில் விழுந்தது. இயற்பியல் நோட்டுப் புத்தகம் கோடை விடுமுறையில் திறக்கப்பட்டது எங்கள் வீட்டு வரலாற்றிலேயே அதுதான் முதல் முறை.

முதல் கேள்வியே நல்ல கேள்வி. "வீட்டுல மிக்ஸி ஓடுது, கிரைண்டர் ஓடுது, அதுக்கெல்லாம் சன்ன வயர்தானே? இதுக்கு ஏன் விரல் தண்டி வயர்?" என்றார் அப்பா. தரையில் சாக்கட்டியால் கணக்குப் போட்டோம். ஆம்ப்ளிபயர் 300 வாட் வெளியே தர வேண்டுமானால், அதற்குள் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்து ஏறக்குறைய 375 வாட் உள்ளே வாங்க வேண்டும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 375-ஐ 230-ஆல் வகுத்தால் 1.6 ஆம்பியர் சொச்சம்தான். கார் ஓடும்போது பாட்டரியில் இருப்பது சுமார் 13.5 வோல்ட். 375-ஐ 13.5-ஆல் வகுத்தால் 28 ஆம்பியர்! வேலை ஒன்றுதான், மின்னோட்டம் பதினேழு மடங்கு. வயரில் உண்டாகும் சூடோ மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. அப்படியென்றால் அதே சன்ன வயரை இங்கே போட்டால், வீட்டில் சூடாவதைப்போல் ஏறக்குறைய 300 மடங்கு சூடாகும். அப்பா சாக்கட்டிக் கணக்கை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அவன் வண்டி இப்படித்தான் எரிஞ்சிருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

இந்த இடத்தில் ஓர் இடைச்செருகல். ஓம் விதியை நமக்கெல்லாம் கரும்பலகையில் எழுதிக் காட்டி, அடிக்கடி கேள்வியும் கேட்கிறார்களே, அந்த விதியை 1827-இல் புத்தகமாக வெளியிட்ட ஜெர்மானியர் கேயோர்க் ஓம், கொலோன் நகரில் முன்பு இயேசு சபையார் நடத்திய பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்தான். பள்ளி ஆய்வுக்கூடத்தில் செய்த சோதனைகளிலிருந்து பிறந்த விதி, பாளையங்கோட்டையில் ஒரு டிரைவரின் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

வயர் கட்டைப் பிரித்த அப்பா, பிளேடால் நுனியைச் சுரண்டிப் பார்த்தார். மேலே செம்பு நிறம். உள்ளே வெள்ளை வெளேர் என்று அலுமினியம். செம்பு முலாம் பூசிய வயராம் அது. செம்பைவிடக் குறைவாகவே மின்சாரத்தைக் கடத்தும். முறுக்கினால் எளிதில் ஒடியவும் செய்யும். அண்ணன் முகம் சுண்டிப் போயிற்று. மறுநாள் டவுனுக்குப் போய் 8 கேஜ் சுத்தச் செம்பு வயர் ஐந்து மீட்டர் வாங்கி வந்தார்கள். நகைக் கடையில்கூட அப்பா அப்படி உரசிப் பார்த்ததில்லை என்று அம்மா இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்.

அடுத்தது பியூஸ். பியூஸ் ஆம்ப்ளிபயரைக் காப்பாற்ற என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். அதற்கு உள்ளேயே தனியாகப் பியூஸ் இருக்கிறது. பாட்டரிக்குப் பக்கத்தில் போடும் 40 ஆம்பியர் பியூஸ் வயரைக் காப்பாற்ற. எஞ்சினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவரில் ஒரு துளை வழியாக வயர் நுழைகிறது. நாள்பட வண்டி குலுங்கிக் குலுங்கி, தகட்டின் விளிம்பு வயரின் மேல்தோலை அறுத்துவிட்டால் என்னாகும்? காரின் இரும்பு உடல் முழுவதும் பாட்டரியின் மைனஸோடு இணைந்தது. ஆக அது நேரடி ஷார்ட் சர்க்யூட். ஸ்டார்ட் செய்யும்போது நூறு ஆம்பியருக்கு மேல் தருகிற பாட்டரி, அந்த ஒரு நொடியில் பல நூறு ஆம்பியரைக் கொட்டும். பியூஸ் பின்னால் டிக்கியில் இருந்து என்ன பயன்? பாட்டரி முனையிலிருந்து ஒரு முழத்துக்குள் இருந்தால்தான் மீதி வயர் முழுவதும் அதன் காவலுக்குள் வரும். பதினெட்டு அங்குலம் என்று ஆங்கிலக் கையேட்டில் இருந்ததை அப்பா தம் முழங்கையை நீட்டி அளந்து, "சரியா ஒரு முழம்" என்று சொல்லி அடையாளம் போட்டார். துளையில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று விரல் விட்டுத் தடவிப் பார்த்த பிறகே வயர் உள்ளே நுழைய அனுமதி கிடைத்தது.

வேலை ஆரம்பிக்கும்முன் பாட்டரியின் மைனஸ் முனையைத்தான் முதலில் கழற்றினோம். பிளஸ்ஸை முதலில் கழற்றப் போய், ஸ்பேனரின் மறு முனை காரின் உடம்பில் பட்டால் பொறி பறக்கும். இது அப்பாவுக்கு எங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. லாரிக்காரர் அல்லவா!

மின்சார வயரை வாசற்படிப் பட்டைக்கு அடியில் ஒரு பக்கமாகவும், பாட்டைக் கொண்டுபோகும் சன்ன வயரை மறு பக்கமாகவும் கொண்டுபோனோம். இரண்டும் ஒன்றாகப் போனால் எஞ்சின் வேகம் ஏற ஏற, பாட்டோடு கொசு ரீங்காரம்போல் ஓர் ஒலியும் ஏறும். பின்னால் எர்த் வயருக்கு டிக்கித் தரையில் ஒரு போல்ட்டைத் தேர்ந்தெடுத்து, சுற்றிலும் உள்ள பெயிண்டைப் பளபளவென்று இரும்பு தெரியும்வரை சுரண்டினோம். பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. அருகிலேயே வாட்டமாக இருந்த சீட் பெல்ட் போல்ட்டில் மாட்டிவிடலாமே என்று இளையவள் கேட்டாள். அது உயிரைப் பிடித்து வைக்கிற போல்ட், அதில் கை வைக்காதே என்று அண்ணன் தடுத்துவிட்டார். அவர் உருப்படியாக விளக்கம் சொன்ன ஒரே இடம் அதுதான்! முடுக்கிய பிறகு அந்த இடத்துக்கு மறுபடியும் பெயிண்ட் பூசினோம். தூத்துக்குடிக்கும் கன்னியாகுமரிக்கும் ஓடுகிற வண்டி. உப்புக் காற்று சும்மா விடாது.

நாலு மணி நிபந்தனைக்கு விடை ஒரு சன்ன நீல வயரில் இருந்தது. ஸ்டீரியோவை அணைத்தால் ஆம்ப்ளிபயரும் தூங்கிப் போக வேண்டும். அந்தச் செய்தியைக் கொண்டுபோவது நீல வயர். அதைப் போடாமல் நேரே இணைத்தால், பாட்டே இல்லாவிட்டாலும் ஆம்ப்ளிபயர் விழித்துக்கொண்டிருக்கும். அது ஓர் ஆம்பியர் இழுத்தாலும் இரவு பத்து மணி நேரத்தில் பத்து ஆம்பியர்-மணி போய்விடும். எங்கள் பாட்டரியின் முழுக் கொள்ளளவே 35 ஆம்பியர்-மணிதான். விமான நிலையத்துக்குப் போகிற சவாரிக்காரர் வாசலில் நிற்க, வண்டி 'டக் டக்' என்று மட்டும் சொன்னால் அப்பாவின் முகம் எப்படி இருக்கும்!

பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கதை முழுமை ஆகாது. சப்வூபருக்கு மரப்பெட்டி எதற்கு? சும்மா அழகுக்கா? இல்லை. அதன் காகிதக் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும் அதே நேரத்தில் பின்னால் காற்றை இழுக்கிறது. முன் அலையும் பின் அலையும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பெட்டியில் பூட்டுவதற்குமுன் மிகக் குறைந்த ஒலியில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு இயக்கிப் பார்த்தோம். கூம்பு கோழிக்குஞ்சுபோல் துடித்தது. சத்தம் மட்டும் இல்லை. பின் அலையைச் சிறை வைத்தால்தான் முன் அலை பிழைக்கும். முன்காலத்தில் இதற்கு அலமாரி அளவுப் பெட்டி தேவைப்பட்டதாம். காற்றுப் புகாமல் மூடிய சின்னப் பெட்டியிலுள்ள காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் 1954-இல் செய்து காட்டினார். அந்த மனிதர் இல்லாவிட்டால் அப்பாவின் இரண்டாம் நிபந்தனை தோற்றிருக்கும்.

எங்கள் தெரு ஆசாரித் தாத்தாவிடம் உள்ளளவு பன்னிரண்டு அங்குல நீள அகல உயரம், அதாவது ஒரு கன அடி, என்று சொன்னோம். 18 மி.மீ. பலகையில் ஒட்டி, திருகாணி அடித்து, உள் மூலைகளில் சிலிக்கான் பசை தடவித் தந்தார். "இதென்ன, வாசலில்லாப் புறாக்கூடா?" என்று கேட்டுவிட்டுக் காசு வாங்க மறுத்தார். அம்மா முறுக்குக் கொடுத்தனுப்பினார். கூம்பை மெல்ல அழுத்தி விட்டால் அது சட்டென்று துள்ளாமல் நிதானமாகத் திரும்பி வந்தது. பெட்டியில் காற்றுக் கசிவு இல்லை என்பதற்கு அது அடையாளம். டிக்கியின் ஒரு மூலையில் பெட்டியைப் போல்ட் போட்டு இறுக்கினோம். பதினைந்து கிலோ கனமுள்ள பெட்டி. திடீர்ப் பிரேக்கில் அது பறந்து வரக் கூடாது. பெரிய குடும்பம் சவாரி வந்தால், ஒரு பிளக்கை உருவி, இரண்டு போல்ட்டைக் கழற்றிப் பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போகலாம். எங்கள் வீட்டுப் பூனை அந்த நாட்களில் அதன் மேல்தான் தூங்குகிறது.

எல்லாம் பூட்டி முடித்த பின் 'கெய்ன்' என்ற திருகைச் சரி செய்ய வேண்டும். பலர் அதை வால்யூம் என்று எண்ணிக் கடைசிவரை திருகிவிடுகிறார்களாம். அப்போது அலையின் உச்சி வெட்டுப்பட்டு ஸ்பீக்கர் கருகும். நாங்கள் 200 வாட் போதும் என்று தீர்மானித்தோம். ஸ்பீக்கரின் தடை 4 ஓம். 200-ஐ 4-ஆல் பெருக்கினால் 800; அதன் வர்க்கமூலம் 28.3. செல்போனிலிருந்து 50 ஹெர்ட்ஸ் ஒலியைக் கொடுத்து, ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டர் 28 வோல்ட் காட்டும்வரை திருகி நிறுத்தினோம். வர்க்கமூலம் வாழ்க்கையில் எதற்குப் பயன்படும் என்று வகுப்பில் முணுமுணுக்கும் தோழியர் கவனிக்க!

பிறகு ஸ்பீக்கரை மாட்டி, அப்பாவின் 1980-களின் இளையராஜா பாட்டு ஒன்றைப் போட்டோம். முப்பது வருடமாக மனப்பாடமாய்க் கேட்ட பாட்டு. அதற்கு அடியில் இன்னொரு பாட்டு நடந்துகொண்டிருந்தது இப்போதுதான் தெரிந்தது. பேஸ் கிதார் தனக்கென்று ஒரு கதை சொல்லிக்கொண்டே போயிற்று. எங்கள் கார் நாலு மீட்டருக்கும் குறைவான நீளம். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை எட்டரை மீட்டர் நீளம். காருக்குள் அடங்காத அலை! அதனால்தான் ஒலி ஓரிடத்திலிருந்து வருவதுபோல் இல்லாமல் காருக்குள்ளிருக்கும் காற்று முழுவதும் மூச்சு விடுவதுபோல் இருக்கிறது. அப்பா ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டார். "நல்லாத்தாம்லே இருக்கு" என்றார். அண்ணனுக்குச் சம்பள உயர்வு கிடைத்தது போலாயிற்று.

இத்தோடு நின்றிருந்தால் இது வெறும் கார்க் கதை. நாங்கள் பேனா எடுத்ததற்குக் காரணம் அதற்கடுத்த கால் மணி நேரம்.

கதவு ஸ்பீக்கரும் சப்வூபரும் இடைவெளியில்லாமல் சேர்கின்றனவா என்று பார்க்க, அண்ணன் செல்போனில் 30 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல மெல்ல ஏறுகிற ஒலியைப் போட்டார். முப்பது, நாற்பது, எண்பது, இருநூறு. பிசிறில்லாமல் ஏறிற்று. நிறுத்தாமல் அப்படியே மேலே போக விட்டார். ஆயிரம், இரண்டாயிரம், மூவாயிரம். விசில்போல் கிழித்தது. பின் சீட்டில் நாங்கள் காதைப் பொத்திக்கொண்டோம்.

"என்னலே, நிறுத்திட்டியா?" என்றார் அப்பா.

விளையாடுகிறார் என்றுதான் நினைத்தோம். ஒலி அப்போது நாலாயிரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. மறுபடியும் போட்டோம். அப்பாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, சத்தம் கேட்கும்வரை கையைத் தூக்கியிருக்கச் சொன்னோம். கை, போன தடவை இறங்கிய அதே இடத்தில் இறங்கிற்று. மூன்றாம் முறை மேலிருந்து கீழே கொண்டுவந்தோம். அதே இடத்தில் கை ஏறிற்று. யாரும் பேசவில்லை. எங்கள் காதில் மட்டும் அந்த விசில் இருந்துகொண்டே இருந்தது.

அப்போதுதான் பழைய விஷயங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஸ்டீரியோவில் கூர்மை ஒலியை எப்போதும் உச்சத்தில் அவர் வைத்திருப்பதும், 'கீச்சென்று இருக்கிறது' என்று நாங்கள் சண்டை போடுவதும். 'இந்தக் காலத்துச் சவாரிக்காரங்க வாய்க்குள்ளேயே பேசுறாங்க' என்று அவர் குறைப்பட்டுக்கொள்வதும். பின்னாலிருந்து இளையவள் ஏதாவது கேட்டால் பதில் வராததும். நாங்கள் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டிருந்தோம்.

அம்மாவின் வற்புறுத்தலால் அடுத்த வாரம் அரசு மருத்துவமனைக்குப் போனார். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 வரை சோதித்து ஒரு வரைபடம் தந்தார்கள். தாழ்ந்த ஒலிகளில் கோடு சமவெளிபோல் நேராகப் போகிறது. இரண்டாயிரத்துக்குமேல் சரிந்து, 4000-இல் பள்ளத்தாக்கில் விழுகிறது. இரண்டு காதிலும் அப்படியே. பெருஞ்சத்தத்தில் வருடக்கணக்காக வேலை செய்தவர்களின் காது இந்த வடிவத்தில்தான் தேயும் என்று டாக்டர் அம்மாள் சொன்னார். உட்காதில் நத்தைக்கூட்டில் மயிரணுக்கள் சுமார் பதினையாயிரம் இருக்கின்றன. உயர்ந்த ஒலிகளைப் பிடிப்பவை வாசலருகே இருக்கின்றன. அவையே முதலில் அடிபடுகின்றன. போனது போனதுதான். மனிதருக்கு அவை திரும்ப முளைப்பதில்லை.

"என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார்களாம். அந்தக் காலத்து லாரியில் எஞ்சின் டிரைவருக்கும் கிளீனருக்கும் நடுவிலேயே இருக்கும். அதன் மூடியின் மேல் துணி விரித்துச் சாப்பாட்டுத் தூக்கை வைத்துச் சூடாக்குவார்களாம். பதினாறு வருடம், இடது காதிலிருந்து ஒரு முழ தூரத்தில் எஞ்சின், வலது காதில் ஜன்னல் காற்றும் எதிர் லாரிகளின் ஹாரனும்.

அடித்தொண்டை ஒலி அப்பாவுக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்று அன்றைக்கு விளங்கிற்று. அந்தப் பகுதி மட்டுந்தான் அவருக்கு முழுமையாகக் கேட்கிறது. பாட்டின் அடியில் ஓடும் இசையைச் சப்வூபர் கொடுத்தது. பாட்டின் சொற்களை அது கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. 'ச', 'ஸ', 'த' போன்ற மெய்யொலிகளின் கூர்மையெல்லாம் மேல் படிகளில் இருக்கிறது. உயிரெழுத்துகள் கேட்டு, மெய்யெழுத்துகள் கேட்காமல் போனால் ஆள் பேசுவது தெரியும், என்ன பேசுகிறார் என்பது தெரியாது. பதினாலாயிரம் ரூபாய்ப் பெட்டியால் ஆகாத வேலை அது. ஆனாலும் அந்தப் பெட்டியைப் பூட்டாமல் இருந்திருந்தால் எங்களுக்கு இது தெரிந்திருக்கவே போவதில்லை.

எங்கள் காதுகளின் பாடும் இதில் இருக்கிறது. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம்தான் இருக்கலாம் என்று அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் 1998-இல் வெளியிட்ட பரிந்துரை கூறுகிறது. மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறையும். 88-க்கு நாலு மணி, 91-க்கு இரண்டு மணி. 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடம்! எங்கள் காரில் இப்போது பூட்டியிருக்கும் சக்திக்கு 100 டெசிபல் பெரிய காரியமே இல்லை. ஸ்டியரிங்குக்கு அருகில் சப்வூபருக்கென்று ஒரு தனித் திருகு வைத்திருக்கிறோம். அது எங்கே நிற்க வேண்டும் என்று வெள்ளை நகப்பூச்சால் அப்பாவே ஒரு புள்ளி வைத்திருக்கிறார். அண்ணன் விடுமுறைக்கு வரும்போது மட்டும் புள்ளியின்மேல் ஒட்டுத்தாள் ஒட்டப்படுவதாக எங்களுக்குச் சந்தேகம்.

தெருவுக்குள் நுழைந்தால் திருகு பூஜ்யத்துக்குப் போய்விடும். உயர்ந்த ஒலியைச் சுவர் தடுத்துவிடும். தாழ்ந்த ஒலி சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுத் தொட்டில் வரைக்கும் போகும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி நூறு மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். அப்பா பெரிய ஆஸ்பத்திரிக் கேட்டைக் கண்டால் ஸ்டீரியோவையே அணைத்துவிடுகிறார். 'என் வரைபடம் இந்தக் கட்டிடத்துலதான் இருக்கு' என்று சிரிப்பார்.

சிரிப்பது இப்போதுதான். முதல் மாதம் அப்படி இல்லை. ஸ்டாண்டில் தெரிந்தால் 'செவிட்டு டிரைவர்' என்று பெயர் வந்துவிடும், சவாரி குறையும் என்று பயந்து, வரைபடத்தை இன்ஷூரன்ஸ் தாள்களுக்கு நடுவே ஒளித்து வைத்திருந்தார். பிறகு ஒரு நாள் அவரே அதை ஸ்டாண்டுக்கு எடுத்துப்போய்க் காட்டினார். பழைய லாரிக்காரர்கள் அங்கே இன்னும் மூன்று பேர் உண்டு. அதில் இருவர் அடுத்த வாரமே கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். இந்தக் கட்டுரையை அவரிடம் வாசித்துக் காட்டி, மலரில் போடலாமா என்று கேட்டோம். "சத்தமா வாசிங்க" என்றார். இரண்டாம் முறை சத்தமாக வாசித்தோம். "போடுங்க, உங்க கூடப் படிக்கிற பிள்ளைகள்லயும் லாரிக்காரன் மக்கள் இருக்கும்" என்றார்.

காதுக் கருவிக்கு அளவெடுக்கச் சென்ற மாதம் நாங்களும் கூடப் போயிருந்தோம். அதுவும் ஓர் ஆம்ப்ளிபயர்தானாம்! ஆனால் எல்லா ஒலியையும் ஒரேயடியாக உயர்த்தாமல், அந்த வரைபடத்தில் பள்ளம் இருக்கும் இடத்தை மட்டும் பார்த்து உயர்த்துகிறதாம். கட்டை விரல் நகம் அளவு. அப்பா அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, அளவெடுத்த அக்காவிடம் மிகவும் கவலையாக ஒரு கேள்வி கேட்டார்.

"இதுக்குப் பியூஸ் எங்கம்மா இருக்கு?"

ஒன்றரை வோல்ட்கூட இல்லாத பொத்தான் பாட்டரிதான் இதில் இருக்கிறது என்று அந்த அக்கா சிரித்துக்கொண்டே விளக்கினார். அப்பா அது விளங்கிய பிறகுதான் காதைக் காட்டினார்.